விசிலுக்கு முன்னா, பின்னா?

நாலு விசில் விட்டும் பருப்பு வேகவில்லை. இன்னொரு நாலு விசில் விட்டேன். மூடியைத் திறந்து கரண்டியால் அள்ளிப் பார்த்தால், துவரம்பருப்பு ஒவ்வொன்றும் முழுசு முழுசாக முறைத்துக்கொண்டு கிடக்கிறது.

இது நடந்தது புளியறையில், அம்மா வீட்டு அடுக்களையில். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற சாலையில், மலை ஏறத் தொடங்குமுன் வருகிற ஊர் புளியறை. சோதனைச்சாவடி, வரிசையில் நிற்கிற லாரிகள், அதைத் தாண்டினால் எஸ் வளைவு, அதற்கும் மேலே கேரளா. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இங்கேயும் விழும். நான் போனது ஆனி மாதம். துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு மூட்டுவலி. "இன்னைக்கு நான் சமைக்கிறேன்" என்று வீறாப்பாகப் போனேன். பருப்பு, காய், புளிக்கரைசல், சாம்பார்ப்பொடி எல்லாவற்றையும் ஒரே குக்கரில் கொட்டி மூடினேன். வேலை மிச்சம் என்று நினைப்பு.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "ஏட்டி, புளிய முதல்லயே ஊத்திட்டியோ? புளி பட்டா பருப்பு வெறைச்சுக்கிடும்லா!"

பக்கத்தில் அண்ணன் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு. கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். "ஆச்சி, போன வாரம் கறிக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊற வச்சீங்கள்லா? அப்ப கறி மெத்துனு ஆகும்னு சொன்னீங்க. புளிப்பு கறிய மெத்துனு ஆக்குமாம், பருப்ப வெறைக்க வைக்குமாம். அதெப்படி அத்தை?"

ஆச்சியிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகளே, உங்களில் யாராவது இதை யோசித்தது உண்டா? நான் அதுவரை யோசித்ததில்லை.

பருப்பிலிருந்து தொடங்குவோம். ஒரு பருப்புக்குள் ஆயிரமாயிரம் செல்கள் அடுக்கி வைத்த செங்கல் மாதிரி இருக்கின்றன. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து பூசுகிறோமே, அப்படி இந்தச் செல்களுக்கு நடுவே பெக்டின் என்று ஒரு பசை உண்டு. கொய்யாப்பழ ஜாம் கட்டியாக நிற்பதும் இந்தப் பசையால்தான். சும்மா தண்ணீரில் கொதிக்க வைத்தால் பெக்டின் சங்கிலி துண்டு துண்டாக உடைந்து தண்ணீரில் கரையும். சாந்து கரைந்தால் சுவர் நிற்குமா? பருப்பு குழைகிறது. தண்ணீர் புளிப்பாக இருந்தால் இந்தச் சங்கிலி சுலபத்தில் உடையாது. எட்டு விசில் அல்ல, பன்னிரண்டு விட்டாலும் முரண்டு பிடிக்கும். பருப்பு வெந்த பிறகு புளி ஊற்றுகிறார்களே, அது இதனால்தான். உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ள ஊர்களில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இந்தப் பசைதான் காரணம். அந்தத் தண்ணீரில் இருக்கிற கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கிக் கட்டிவிடும்.

இறைச்சியில் பெக்டின் கிடையாது. அங்கே கட்டிப்பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்கிற புரதம். முப்புரிக் கயிறு பார்த்திருக்கிறீர்களா? மூன்று இழைகளை முறுக்கித் திரிப்பார்கள். கொலாஜனும் அப்படியே மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு. ஆட்டின் கால், தோள், கழுத்து என்று அதிகம் வேலை செய்கிற இடத்துக் கறியில் இந்தக் கயிறு நிறைய இருக்கும். சூடும் தண்ணீரும் சேர்ந்தால் முறுக்கு அவிழும். கயிறு ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாகத் தளதளவென்று ஆடுகிறதே, அதுதான் ஜெலட்டின். புளிப்பு இந்தக் கயிற்றை ஊதிப் பருக்க வைத்து, முறுக்கு அவிழ உதவி செய்கிறது.

ஆக, அம்மா சொன்ன இரண்டும் சரி. புளிப்பு ஒன்றுதான், அது கைவைக்கிற கட்டு வேறு வேறு.

"அப்ப கறிக்குப் புளிப்ப முதல்லயே போடணும், பருப்புக்குக் கடைசில போடணும். சரியா?" என்றாள் அண்ணன் மகள். சரிதான் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் என் கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. கியூபா நாட்டுச் சமையல் குறிப்பு ஒன்றை எழுதி வைத்திருந்தேன். ஊர் ஊராகச் சமையல் குறிப்பு சேர்ப்பது எனக்கொரு பைத்தியம்.

கியூபா எங்கே இருக்கிறது? அட்லஸில் வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே பாருங்கள், கரீபியன் கடலில் முதலை படுத்திருப்பது போல நீளமாக ஒரு தீவு. அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து என்றால் பன்றிக்கறி. பூண்டை நசுக்கி, புளிப்பு ஆரஞ்சுச் சாறும் சீரகமும் ஆரிகனோ என்கிற வாசனை இலையும் உப்பும் சேர்த்துக் கறியை ஊற வைப்பார்கள். அந்தச் சாற்றுக்கு மோஹோ என்று பெயர். பிறகு மணிக்கணக்கில் தீயில் வாட்டுவார்கள். அத்தனை நேரம் இல்லாத நாளில் பிரஷர் குக்கர் இருக்கிறது. கியூபாவுக்கும் குக்கருக்கும் நல்ல உறவு. 2005-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஃபிடல் காஸ்ட்ரோ பேசிய பேச்சில் ஒரு முக்கிய அறிவிப்பே, மலிவு விலையில் வீடுகளுக்குப் பிரஷர் குக்கர் கொடுக்கப் போகிறோம் என்பதுதான். எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டுமே!

பன்றிக்கறி எல்லார் வீட்டிலும் சேராது. சேராதவர்கள் ஆட்டுக்கறி என்று வைத்துப் படியுங்கள், அறிவியலில் ஒன்றும் மாறாது. கறியே சாப்பிடாதவர்களுக்குப் பருப்புக் கதை இருக்கிறது.

காகிதத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டாள், "இதுல என்ன சாமான் நம்ம வீட்டுல இல்ல?" யோசித்துப் பார்த்தால் எல்லாம் இருந்தது. கொல்லையில் நாரத்தை மரம். அடுக்களையில் பூண்டும் சீரகமும். ஆரிகனோ மட்டும் இல்லை. ஆனால் கிணற்றடியில் கற்பூரவல்லி புதராக நின்றது. சளி பிடித்தால் சாறு பிழிந்து கொடுப்பார்களே, அதே தடித்த இலை. அதற்கு ஆங்கிலத்தில் வழங்குகிற பெயர்களில் ஒன்று என்ன தெரியுமா? 'கியூபன் ஆரிகனோ'! இரண்டும் வேறு வேறு செடிதான். ஆனால் கார்வக்ரால் என்கிற ஒரே வாசனைப் பொருள் இரண்டிலும் இருப்பதால், கசக்கி முகர்ந்தால் ஏறக்குறைய ஒரே வாசம்.

நாரத்தைக் கதை இதைவிட வேடிக்கை. கியூபாவின் புளிப்பு ஆரஞ்சு நம் நாரத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஸ்பானிய மொழியில் ஆரஞ்சுக்கு 'நரான்ஹா' என்று பெயர். அது அரபியில் 'நாரஞ்ச்', பாரசீகத்தில் 'நாரங்', வடமொழியில் 'நாரங்கம்'. அந்த வடமொழிச் சொல்லுக்கு வேர் நம் நாரத்தை போன்ற ஒரு திராவிடச் சொல் என்பது மொழியறிஞர்கள் பலருடைய கருத்து. இந்தியாவின் வடகிழக்கு மூலையிலும் அதையொட்டிய மலைகளிலும் தோன்றிய எலுமிச்சைக் குடும்பம், அரபு வணிகர்களோடு மேற்கே போய் ஸ்பெயினில் வேர் பிடித்தது. 1493-இல் கொலம்பஸ் இரண்டாம் முறை கப்பலேறியபோது அதன் விதைகள் கரீபியன் தீவுகளுக்குப் போயின. அதே பயணத்தில் பன்றிகளும் போயின. விருந்துக்கு வேண்டிய கறியும் புளிப்பும் ஒரே பயணத்தில் போய் இறங்கியிருக்கின்றன!

அண்ணன் மலைக்கு அந்தப் பக்கமிருந்து கறி வாங்கி வந்தான். தோள்பட்டைக் கறி. அடுத்த கூத்து ஆரம்பித்தது.

முதலில் பூண்டு. முழுப் பூண்டை முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாசமே இருக்காது. அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஊரைக் கூட்டும். ஏன்? பூண்டுக்குள் அல்லீன் என்கிற பொருள் ஒரு அறையிலும், அல்லினேஸ் என்கிற நொதி வேறு அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போது நடுச்சுவர் உடைந்து இரண்டும் சேர்கின்றன, அல்லிசின் பிறக்கிறது. அந்தக் காரமும் நெடியும் அதனுடையதுதான். தன்னைக் கடிக்க வருகிற பூச்சிக்குப் பூண்டு வைத்திருக்கிற வெடி அது. ஆனால் அந்த நொதிக்குப் புளிப்பும் ஆகாது, கொதிக்கும் சூடும் ஆகாது. நசுக்கிய உடனே எலுமிச்சைச் சாற்றில் போட்டால் பாதி வேலையிலேயே படுத்துவிடும். அதனால் முதலில் நசுக்கி, பத்து நிமிஷம் சும்மா விட்டு, பிறகுதான் சாறு சேர்க்க வேண்டும்.

சாறு சேர்த்த கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது அண்ணன் மகள் கத்தினாள். "அத்தை, பூண்டு பச்சையாப் போச்சு!" மயில் கழுத்து நிறத்தில் சில துண்டுகள் மாறியிருந்தன. கெட்டுப்போகவில்லை. பூண்டின் கந்தகப் பொருளும் அமினோ அமிலங்களும் புளிப்பில் சேர்ந்து ஒரு நிறமியைச் செய்துவிட்டன. பூண்டு ஊறுகாயிலும் சில சமயம் இப்படி ஆகும். தைரியமாகச் சாப்பிடலாம். சீனாவில் இந்தப் பச்சை நிறத்துக்காகவே பூண்டை வினிகரில் ஊறப்போடுகிறார்கள்.

இனி குக்கர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர்தான் வேகமாக ஆவியாகும். ஊட்டியில் காற்றின் அழுத்தம் குறைவு, அங்கே சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அழுவார்கள். குக்கர் இதைத் தலைகீழாக்குகிறது. ஆவியை வெளியே விடாமல் அடைத்து அழுத்தத்தை இரண்டு மடங்காக்குகிறது. அப்போது தண்ணீர் கொதிக்க சுமார் 120 டிகிரி வேண்டும். வெறும் 20 டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரி வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இருபது டிகிரிக்கு நாலு மடங்கு. கொலாஜன் கயிறு மூன்று மணி நேரத்தில் அவிழ்வது முக்கால் மணியில் அவிழ்கிறது.

அந்தக் குட்டி வெயிட் எப்படி இத்தனை அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். வெயிட் உட்காருகிற துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு சுமார் 0.07 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்று ஆவி தள்ளினால், அந்தத் துளையில் தள்ளுகிற விசை வெறும் 70 கிராம்தான். எனவே 70 கிராம் வெயிட் போதும். அதற்குமேல் அழுத்தம் ஏறினால் ஆவி வெயிட்டைத் தூக்கிவிட்டு 'உஸ்ஸ்' என்று வெளியே பாயும். அதுதான் விசில். இப்போது மூடியைப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதே ஆவி மூடியை 314 கிலோ எடையளவு விசையோடு தள்ளிக்கொண்டிருக்கிறது! ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்க முண்டினால் என்ன ஆகும் என்று இப்போது புரிகிறதா? சில குக்கர்களில் மூடி உள்பக்கமாகப் பொருந்தும். ஆவி தள்ளத் தள்ள அது இன்னும் இறுகும். கெட்டிக்கார யோசனை.

விசிலை எண்ணிச் சமைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். பெரிய தீயில் ஐந்து விசில் பத்து நிமிஷத்தில் வரும். சின்னத் தீயில் அரைமணி ஆகும். முதல் விசில் வந்ததும் தீயைச் 'சிம்'மில் வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் கணக்கு. அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

குக்கரைக் கண்டுபிடித்தவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்கிற அறிவியல் சங்கத்துக்குத் தன் இரும்புப் பானையைக் காட்டினார். அவர் அவிக்க நினைத்தது எலும்பை! வீணாகிற எலும்பை மெத்தென்று ஆக்கி ஏழைகளுக்கு உணவாக்கலாம் என்று பார்த்தார். 1682-இல் சங்கத்து உறுப்பினர்களுக்கு அந்தப் பானையில் சமைத்து விருந்தே வைத்தார்கள். பானை வெடித்துவிடக் கூடாதே என்று அவர் வைத்ததுதான் வெயிட் தொங்கும் பாதுகாப்பு வால்வு. அதே யோசனைதான் பின்னால் நீராவி எஞ்சின் கொதிகலன்களையும் காப்பாற்றியது. புளியறைக்காரர்களுக்கு நீராவி எஞ்சின் தூரத்துச் சங்கதி அல்ல. 1904-இல் கொல்லம் செங்கோட்டை ரயில்பாதை திறந்தபோது, இந்த மலையைக் குகையும் பாலமுமாகத் தாண்டி மூச்சிரைக்க ஏறிப் போனவை அந்த எஞ்சின்கள்தான். அம்மா சின்னப்பிள்ளையாக இருக்கையில் பகவதிபுரம் ஸ்டேஷனில் எஞ்சின் ஆவி விடுவதைப் பார்க்கவே போய் நிற்பாளாம். அடுக்களையில் விசில் அடிப்பது அதன் தூரத்துத் தம்பி.

சரி, கறிக்கு வருவோம். நாரத்தைச் சாற்றைக் கறியில் ஊற்றினேன். அவசரத்தில் தோலோடும் கொட்டையோடும் அழுத்திப் பிழிந்து, நாலு துண்டுப் பழத்தையும் வாசனைக்கு இருக்கட்டும் என்று உள்ளே போட்டேன். சாற்றை நக்கிப் பார்த்தபோது நல்ல புளிப்பு. முக்கால் மணி கழித்து ஆவி தானாக அடங்கும்வரை காத்திருந்து திறந்தோம். கறி முள்கரண்டி பட்டாலே பிரிந்தது. வாயில் வைத்தால் வேப்பங்காய்!

நாரத்தையின் வெள்ளைத் தோலிலும் கொட்டையிலும் கசப்பில்லாத ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. பிழிந்த சாற்றின் புளிப்பு பட்டால் அது மெல்ல மெல்ல லிமோனின் என்கிற கசப்பாக மாறும். சூடு சேர்ந்தால் மெல்ல அல்ல, சீக்கிரம். பிழிந்தவுடன் நாக்குக்குத் தெரியாது. குக்கர் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். இன்னொரு நஷ்டமும் உண்டு. நாரத்தை வாசம் தோலில் இருக்கிற எண்ணெயின் வாசம். அது ஆவியோடு பறந்துவிடும். முக்கால் மணியும் வீடெல்லாம் மணத்தது. வீடு மணத்தால் குழம்பில் மணம் இருக்காது.

அம்மா கறியைக் கழுவாமல் எடுத்துத் தண்ணீரை மட்டும் வடித்துக் கொட்டினாள். கொஞ்சம் உப்பு கூட்டினாள். உப்பு, நாக்குக்குக் கசப்பைக் குறைத்துக் காட்டும். உப்பு நாரத்தங்காயை நாம் முகம் சுளிக்காமல்தானே தின்கிறோம்? பிறகு கறியைப் பிய்த்துத் தோசைக்கல்லில் போட்டு, ஓரம் முறுகுகிறவரை விட்டாள். குக்கருக்குள் எல்லாம் ஈரம், 120 டிகிரி. அங்கே கறி வெளுத்துத்தான் வரும். அந்தப் பொன்முறுகல் நிறமும் மணமும் வர 140 டிகிரியாவது வேண்டும், ஈரமும் வற்ற வேண்டும். அது தோசைக்கல்லின் வேலை. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, கொட்டை நீக்கிய ஒரு மூடி எலுமிச்சையைப் பிழிந்தாள். புளியங்குடி எலுமிச்சை. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இதே தென்காசி மாவட்டம்தான். கசப்பு போயே போய்விடவில்லை. ஆனால் சட்டி காலியானது.

குடகு மலையில் செய்கிற பந்திக்கறியும் பன்றிக்கறிதான். அங்கே புளிப்புக்குக் காச்சம்புளி. குடம்புளிப் பழத்தின் சாற்றை வடித்துக் கறுப்பாகக் கெட்டியாகும்வரை காய்ச்சி எடுப்பது. அதைக் கடைசியில்தான் ஊற்றுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "பின்ன? அவங்களுக்குத் தெரியும்லா" என்றாள், என்னைப் பார்த்தபடி.

மறுநாள் காலை அண்ணன் மகள் தனியாகவே ஒரு சோதனை செய்தாள். அடுப்பை மட்டும் நான் பற்ற வைத்தேன். ஒரே அளவாக நறுக்கிய உருளைக்கிழங்குத் துண்டுகள். ஒரு சட்டியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் கெட்டிப் புளிக்கரைசல். கால்மணி நேரம் கொதித்த பிறகு ஈர்க்குச்சியால் குத்தினாள். வெறும் தண்ணீரில் வெந்தது குச்சியை வெண்ணெய் மாதிரி வாங்கிக்கொண்டது. புளித்தண்ணீர்த் துண்டில் குச்சி வளைந்தது.

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "கிழங்கு வெறைக்குது, கறி மெத்துனு ஆகுது. அப்ப மீனு, ஆச்சி? மீனும் கறிதானே. ஆனா மீன் குழம்புக்குப் புளிய முதல்லயே கொதிக்க விடுதீங்க!"

"மீனு உடையாம இருக்கணும்லாட்டி, அதுக்குத்தான்" என்றாள் அம்மா.

"மெத்துனு ஆனா உடைஞ்சுதானே போகணும்?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் வாசலில் மீன்காரர் மணி கேட்கிறதா என்று பார்க்கப் போனேன்.